213 வாக்கில் தோற்றவர்: கர்நாடகத்தில் 17 பேர் கட்சி மாறியபோது நடந்தது

ராய்ச்சூர் மாவட்டம் மஸ்கி தொகுதியில் 2018 சட்டமன்றத் தேர்தலில் பாஜக வேட்பாளர் பசனகவுடா துர்விஹாள் 213 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். வென்றவர் காங்கிரசின் பிரதாப்கவுடா பாட்டீல். துர்விஹாள் விடவில்லை, வெற்றி செல்லாது என்று உயர்நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2019-ல் பிரதாப்கவுடா பதவியை ராஜினாமா செய்து பாஜகவில் சேர்ந்தார். மஸ்கியில் பாஜகவின் முகம் இனி அவர்தான் என்றானது. துர்விஹாள் காங்கிரசுக்குப் போனார். 2021 ஏப்ரலில் இடைத்தேர்தல் வந்தபோது அதே இருவர் சின்னங்களை மாற்றிக்கொண்டு மோதினார்கள். துர்விஹாள் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார்.

கட்சித் தாவல் என்றால் நாம் தாவுகிறவரைப் பற்றியே பேசுகிறோம். எவ்வளவு வாங்கினார், எந்த ரிசார்ட்டில் தங்கினார், எந்த இலாகா கிடைத்தது என்று கேட்கிறோம். அவரைச் சேர்த்துக்கொள்கிற கட்சியில், அதே தொகுதியில், அவரை எதிர்த்து நின்று தோற்ற ஒருவர் இருக்கிறார். அவரோடு பூத் பூத்தாக அலைந்து, எதிரணியோடு மல்லுக்கட்டி, வழக்கு வாங்கிய தொண்டர்கள் இருக்கிறார்கள். நேற்றுவரை யாரைத் தோற்கடிக்க உழைத்தார்களோ அவருக்கே இன்று வாக்குக் கேட்கச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? 2019-ல் கர்நாடகத்தில் காங்கிரஸ்–ஜனதா தளக் கூட்டணி ஆட்சியைக் கவிழ்த்து 17 எம்.எல்.ஏ.க்கள் விலகிய விவகாரம் இந்தக் கேள்விக்கு ஐந்தாறு ஆண்டு அவகாசம் எடுத்துக்கொண்டு, தொகுதி தொகுதியாகப் பதில் சொன்னது. தாவலை அது நடந்த மாதத்தோடு முடித்துவிடாமல் அடுத்த பொதுத்தேர்தல் வரை பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இந்த நிகழ்வே காரணம்.

எப்படித் தொடங்கியது

2018 மே தேர்தலில் பாஜக 104 இடங்களுடன் தனிப்பெரும் கட்சியாக வந்தது. காங்கிரசும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் உடனடியாகக் கைகோத்தன. மே 17-ல் முதல்வராகப் பதவியேற்ற பாஜகவின் எடியூரப்பா, 19-ம் தேதி பெரும்பான்மையை நிரூபிக்க முடியாமல் விலகினார். ஜனதா தளத்தின் குமாரசாமி முதல்வரானார். அவரது கூட்டணி அரசு ஒருநாளும் நிம்மதியாக இருக்கவில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் 28 தொகுதிகளில் பாஜக 25-ஐ வென்றதும் அதன் கால்கள் ஆட ஆரம்பித்தன.

ஜூலை முதல் வாரத்தில் ராஜினாமாக்கள் வரிசையாக வந்தன. எம்.எல்.ஏ.க்கள் மும்பைக்குப் பறந்தார்கள். ஜூலை 10-ல் அவர்கள் தங்கியிருந்த பவாய் ஹோட்டல் வாசலில் மழையில் நின்ற காங்கிரசின் டி.கே.சிவகுமாரை உள்ளே விடாமல் போலீஸ் பிடித்து அழைத்துப்போனது. கூவத்தூரைப் பார்த்த நமக்கு ரிசார்ட் காட்சிகளில் புதிதாக ஒன்றும் இல்லை. ஜூலை 23 நம்பிக்கை வாக்கெடுப்பில் குமாரசாமி அரசு 99-க்கு 105 என்று தோற்றது. பேரவைத் தலைவர் ரமேஷ்குமார் ராஜினாமாக்களை ஏற்காமல், ஜூலை 25-ல் மூன்று பேரையும் 28-ல் பதினான்கு பேரையும் தகுதிநீக்கம் செய்தார். அந்தப் பேரவையின் காலம் முடியும் வரை அவர்கள் தேர்தலில் நிற்கவே கூடாது என்றும் சொன்னார்.

ராஜினாமா செய்துவிட்டு வருவது ஏன் என்பதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1985-ல் கட்சித் தாவலைத் தடுக்க அரசியல் சாசனத்தில் வந்த பத்தாவது அட்டவணை, முதலில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் விட்டுவிட்டது. 2003-ல் 91-வது திருத்தம் அந்தக் கதவை மூடியது. இப்போது மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியில் இணைந்தால்தான் பதவி தப்பும். கோவாவில் இது எளிது. டி.கே.சிவகுமார் மும்பையில் மழையில் நின்ற அதே ஜூலை 10-ல், கோவா காங்கிரசின் 15 எம்.எல்.ஏ.க்களில் 10 பேர் இடைத்தேர்தல் எதுவும் இல்லாமல் பாஜகவில் இணைந்துவிட்டார்கள். கர்நாடக காங்கிரசில் அதற்கு 50-க்கும் மேற்பட்டவர்கள் வேண்டும், நடக்காத காரியம். ஆகவே பதவியை விட்டு, பேரவையின் எண்ணிக்கையைக் குறைத்து, ஆட்சியைக் கவிழ்த்து, மறுபடி மக்களிடம் போய் வேறு சின்னத்தில் ஜெயித்து வருவது. இந்த வழியை எடியூரப்பா 2008-லேயே நடந்து பார்த்திருந்தார். அப்போது நடந்த 8 இடைத்தேர்தல்களில் பாஜக 5-ஐ வென்றது, ஆபரேஷன் தாமரை என்ற பெயரும் அப்போதுதான் நிலைத்தது. ஆனால் 2010-லேயே அவரது சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்கள் 11 பேர் அவருக்கு எதிராகக் கிளம்பினார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

2019 நவம்பர் 13-ல் நீதிபதி ரமணா தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு, தகுதிநீக்கம் சரி, ஆனால் எத்தனை காலம் தடை என்று முடிவுசெய்யப் பேரவைத் தலைவருக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. மறுநாளே 16 பேர் பாஜகவில் சேர்ந்தார்கள். சேராத ஒருவர் சிவாஜிநகரின் ரோஷன் பெய்க்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 2019 ஆகஸ்டில் வடகர்நாடகத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. பெலகாவி மாவட்டம் கடுமையாக அடிபட்டது. அதணி, காக்வாட், கோகாக் மூன்றும் அந்த மாவட்டத்துத் தொகுதிகள், மூன்றிலும் எம்.எல்.ஏ. இல்லை. ஜூலை 26-ல் பதவியேற்ற எடியூரப்பா ஆகஸ்ட் 20 வரை ஒற்றை ஆளாக அமைச்சரவை நடத்தினார். யாருக்கு என்ன தருவது என்ற கணக்கு முடியாததால் வெள்ளத்தின் நடுவில் மாநிலத்துக்கு அமைச்சர்களே இல்லை. மஸ்கியும் பெங்களூரின் ராஜராஜேஸ்வரி நகரும் தேர்தல் வழக்குகள் காரணமாக இன்னும் நீண்ட காலம் காலியாகக் கிடந்தன. கொரோனா முதல் அலையின்போது அந்த இரண்டு தொகுதி மக்களுக்கும் பேரவையில் ஆள் இல்லை. கட்சித் தாவலின் விலையைக் கோடிகளில் சொல்லிப் பழகிவிட்டோம். வீடு இழந்தவர் மனுவோடு போய் நிற்க ஒரு எம்.எல்.ஏ. இல்லாத மாதங்களை யாரும் அதில் சேர்ப்பதில்லை.

ஹோஸ்கோட்டே

டிசம்பர் 5-ல் 15 தொகுதிகளில் இடைத்தேர்தல். பாஜகவுக்கு ஆட்சி நிலைக்க ஆறு இடங்கள் போதும், கிடைத்ததோ 12. எடியூரப்பாவின் கணக்கு பலித்ததாக எல்லோரும் எழுதினார்கள். மண்டியா மாவட்டத்தில் அதுவரை ஒரு தொகுதியும் வெல்லாத பாஜக கே.ஆர்.பேட்டையில் வென்றது பெரிய செய்தியானது. தோற்ற மூன்றில் சிவாஜிநகரை விட்டுவிடலாம், அங்கே கட்சி மாறியவர் நிற்கவில்லை. ஹுன்சூரில் ஜனதா தளத்தின் மாநிலத் தலைவராகவே இருந்துவிட்டு வந்த எச்.விஸ்வநாத் காங்கிரசிடம் தோற்றார். மூன்றாவதான ஹோஸ்கோட்டேயில்தான் பின்னால் நடக்கப்போவதன் முழுவடிவமும் இருந்தது.

பெங்களூரை ஒட்டிய அந்தத் தொகுதி பல ஆண்டுகளாக இரண்டு பேரின் களம். 2004-ல் காங்கிரசின் எம்.டி.பி.நாகராஜ் வென்றார், 2008-ல் பாஜகவின் பி.என்.பச்சேகவுடா, 2013-ல் மறுபடி நாகராஜ். 2018-ல் பச்சேகவுடாவின் மகன் சரத் பாஜக சார்பில் நின்று நாகராஜிடம் தோற்றார். ஊர் ஊராக, தெருத்தெருவாக இரண்டு அணி. ஒருவரின் ஆள் மற்றவரின் ஆளோடு கல்யாண வீட்டில்கூட ஒரே பந்தியில் உட்காராத அளவுக்கு வேரோடிய பகை இத்தகைய தொகுதிகளில் இருக்கும், தமிழ்நாட்டு ஊர்களிலும் இதைப் பார்க்கிறோம். அப்படிப்பட்ட இடத்தில் பாஜக ஒருநாள் காலையில் நாகராஜைத் தன் வேட்பாளராக அறிவித்தது.

சரத் மறுத்தார், சுயேச்சையாக நின்றார், கட்சி அவரை நீக்கியது. அவரது தந்தை அப்போது சிக்கபள்ளாபூரின் பாஜக எம்.பி. ஜனதா தளம் சரத்தை ஆதரித்தது. நாகராஜ் தேர்தல் ஆணையத்திடம் காட்டிய சொத்தே 1,000 கோடி ரூபாய்க்கு மேல், ஆளுங்கட்சியின் முழு பலமும் அவர் பின்னால் இருந்தது. அப்படியும் சரத் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார்.

கட்சிக்குள் ஒருவரைச் சேர்க்கிறோம் என்று மேலிடம் நினைக்கிறது. இப்படிப்பட்ட தொகுதியில் உண்மையில் அது ஒரு அணியை எடுத்துக்கொண்டு இன்னோர் அணியை வெளியே அனுப்புகிறது. நிகர லாபம் என்று கணக்கில் எழுதியது வெறும் இடமாற்றமாகத்தான் நிற்கிறது. வெளியே போன அணிக்கு நியாயமும் கோபமும் கூடுதல் பலம்.

இதைப் பாஜக தலைமை உணராமல் இல்லை. 2018-ல் இந்தத் தொகுதிகளில் தோற்ற தன் வேட்பாளர்கள் பலருக்கு 2019 அக்டோபரில் அரசு வாரியங்கள், கழகங்களின் தலைவர் பதவிகளை எடியூரப்பா அள்ளிக்கொடுத்தார். கார், அலுவலகம், அமைச்சருக்கு இணையான தகுதி எல்லாம் உண்டு. தேர்தலில் நின்றவருக்கு அது போதாது என்பதை அவர்களின் இடத்திலிருந்து பார்த்தால் எளிதில் புரியும். எம்.எல்.ஏ. சீட்டு என்பது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு. புதிதாக வந்தவர் ஒருமுறை ஜெயித்துவிட்டால் அடுத்த முறையும் அவருக்குத்தான். தோற்றவருக்கு அது அந்த ஊரில் அரசியல் முடிவு. வாரியப் பதவியால் அதைச் சரிக்கட்ட முடியாது. அவரது தொண்டருக்கோ அந்த வாரியப் பதவியும் இல்லை.

அதணி: துணை முதல்வரே தடுமாறிய இடம்

பெலகாவி மாவட்டத்து அதணியில் 2018-ல் பாஜகவின் லட்சுமண் சவதி, காங்கிரசின் மகேஷ் குமட்டள்ளியிடம் இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தோற்றிருந்தார். குமட்டள்ளி கட்சி மாறினார். சவதியைச் சமாதானப்படுத்த வேண்டும். எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாத சவதியை 2019 ஆகஸ்டில் அமைச்சராக்கி, துணை முதல்வர் பதவியும் கொடுத்தார்கள். இதைவிடப் பெரிய இழப்பீடு கொடுக்க முடியாது. டிசம்பரில் சவதி கட்சிக்குக் கட்டுப்பட்டார். குமட்டள்ளி ஏறத்தாழ 40 ஆயிரம் வாக்குகளில் வென்றார்.

அதன் பிறகு இரண்டு பக்கமும் கசந்தது. 2020 பிப்ரவரி 6-ல் இடைத்தேர்தலில் வென்ற 11 கட்சி மாறிகளில் 10 பேர் அமைச்சர்களானார்கள். விடுபட்ட ஒரே ஆள் குமட்டள்ளி. பெலகாவி மாவட்டத்துக்கு ஏற்கெனவே நிறைய இடம் போயிருந்தது. 2021 ஜூலையில் எடியூரப்பா பதவி விலகி பசவராஜ் பொம்மை முதல்வரானபோது சவதிக்கு அமைச்சரவையிலேயே இடமில்லை. 2023-ல் அதணி சீட்டு யாருக்கு என்ற கேள்வி வந்தது. கோகாக்கின் ரமேஷ் ஜார்கிஹோளி, தன்னோடு மும்பைக்கு வந்த குமட்டள்ளிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று பகிரங்கமாகப் பிடிவாதம் பிடித்தார். கட்சி அவர் சொன்னபடி செய்தது. சவதி காங்கிரசில் சேர்ந்து, குமட்டள்ளியை 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தார்.

இழப்பீடு பதவியாகத் தரப்படும்போது அது தருகிறவர் நாற்காலியில் இருக்கும்வரைதான் செல்லும். சவதிக்குத் தரப்பட்ட வாக்கு எடியூரப்பாவுடையது. பொம்மைக்கு அதைக் காப்பாற்றும் கட்டாயம் இல்லை. உள்ளே வந்தவர்களுக்கும் இதே கதிதான். பொம்மை அமைச்சரவையில் காக்வாட்டின் ஸ்ரீமந்த் பாட்டீலும் ராணிபென்னூரின் ஆர்.சங்கரும் விடுபட்டார்கள். விஜயநகராவின் ஆனந்த் சிங்கும் எம்.டி.பி.நாகராஜும் கொடுத்த இலாகா போதாது என்று வெளிப்படையாக முகம் சுளித்தார்கள். எழுத்தில் இல்லாத, எழுத்தில் இருக்கவும் முடியாத உடன்பாடு தலைவர் மாறியதும் அந்தரத்தில் நின்றது.

நாற்காலிக் கணக்கு

224 பேர் கொண்ட பேரவையில் 15 விழுக்காடு வரம்பின்படி முதல்வரையும் சேர்த்து 34 அமைச்சர்கள்தான் இருக்கலாம். இதுவும் 2003 திருத்தம் போட்ட கடிவாளம். வந்தவர்களுக்கு 10 நாற்காலி என்றால் அவை யாரோ பழையவர்களின் நாற்காலிகள். இடைத்தேர்தல் முடிந்து இரண்டு மாதம் அமைச்சரவை விரிவாக்கம் இழுத்தடிக்கப்பட்டது. பழைய பாஜகவினர் சிலரும் 2020 பிப்ரவரியில் சேர்க்கப்படுவார்கள் என்ற பேச்சு கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. எட்டு முறை எம்.எல்.ஏ.வான உமேஷ் கத்தி 2021 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தவர்களுக்கோ நீர்வளம், கூட்டுறவு, நகர்ப்புற வளர்ச்சி, மருத்துவக் கல்வி என்று கனமான துறைகள் போயின. கட்சிக்குள் பழையவர்கள், குடியேறியவர்கள் என்று இரண்டு முகாம்கள் வெளிப்படையாகவே உருவாயின. 2021 ஜனவரியில் ஏழு பேர் பதவியேற்றபோது, சென்னபட்டணாவில் தோற்ற சி.பி.யோகேஷ்வருக்கு எதற்கு அமைச்சர் பதவி என்று பழைய பாஜக எம்.எல்.ஏ. ரேணுகாச்சார்யா போன்றோர் பொதுவெளியில் கொதித்தார்கள். ராஜராஜேஸ்வரி நகரில் வென்று வந்த முனிரத்னா அன்றைக்கும் பட்டியலில் இல்லை.

விஸ்வநாத் கதை தனி. இடைத்தேர்தலில் தோற்றவர்களுக்கும் சீட்டுக் கிடைக்காதவருக்கும் மேலவைப் பதவி என்பது வாக்கு. நாகராஜும் சங்கரும் 2020-ல் பேரவை உறுப்பினர்களின் வாக்கு வழியாக மேலவைக்குத் தேர்வானார்கள். விஸ்வநாத் நியமன உறுப்பினரானார். தகுதிநீக்கம் செய்யப்பட்டவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும்வரை அமைச்சராகக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 164(1பி) பிரிவு சொல்கிறது. நியமனம் தேர்தல் ஆகாது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் சொன்னது, 2021 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. ஒரே வாக்குறுதியை நம்பி வந்த மூவரில் இருவர் அமைச்சர்களானார்கள், மூத்தவர் வெளியே நின்றார். பின்னாளில் அவர் பாஜகவையே கடுமையாக விமர்சித்துவந்தார்.

2023 மே 13

பொதுத்தேர்தல் முடிவு வந்த அன்று இந்தத் தொகுதிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஒரு வரிசை கண்ணில் படும். அதணியில் சவதி. காக்வாட்டில் ராஜு காகே. ஹிரேகெரூரில் யு.பி.பணகார், இவர் 2018-ல் பி.சி.பாட்டீலிடம் 555 வாக்கில் தோற்றவர். மஸ்கியில் துர்விஹாள். ஹோஸ்கோட்டேயில் சரத். விஜயநகராவில் எச்.ஆர்.கவியப்பா. ஆறு பேரும் 2018-ல் பாஜக வேட்பாளர்களாக நின்று தோற்றவர்கள், 2023-ல் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள். ஐந்து தொகுதிகளில் 2018-ல் தங்களைத் தோற்கடித்தவரையே தோற்கடித்தார்கள். விஜயநகராவில் மட்டும் ஆனந்த் சிங் ஒதுங்கி மகனை நிறுத்தியிருந்தார். எல்லாப்பூரில் வி.எஸ்.பாட்டீலும் இதே பாதையில் காங்கிரசுக்குப் போய் நின்றார். அங்கே மட்டும் சிவராம் ஹெப்பார் குறைந்த வித்தியாசத்தில் தப்பினார்.

பாஜக சின்னத்தில் மறுபடி நின்ற கட்சி மாறிகள் 13 பேர். ஆறு பேர் வென்றார்கள், ஏழு பேர் தோற்றார்கள். சீட்டுக் கிடைக்காத ஆர்.சங்கர் வேறு கட்சியில் நின்று தோற்றார். மாநில அளவில் பாஜக 66 இடங்களுக்குச் சுருங்கியது, காங்கிரஸ் 135. இந்தத் தோல்வி முழுவதையும் கட்சி மாறிகளின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. பாஜகவின் வாக்கு 2018-லும் 2023-லும் சுமார் 36 விழுக்காடுதான். ஜனதா தளத்தின் வாக்கு சரிந்ததும், ஊழல் புகார்களும், காங்கிரசின் உத்தரவாதத் திட்டங்களும் பெரிய காரணங்கள். மஸ்கியிலேயே இடைத்தேர்தலின்போது நாராயணபுரா வலதுகரைக் கால்வாயின் 5ஏ கிளை கேட்டு விவசாயிகள் நடத்திய போராட்டமும் சேர்ந்துகொண்டது. ஆனால் மேலே சொன்ன ஆறு தொகுதிகளிலும் காங்கிரசுக்கு வெற்றி வேட்பாளரைத் தயார்செய்து அனுப்பியது பாஜகதான். காங்கிரஸ் வெளியே தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

2019-ல் வென்றவர்கள் 2023-ல் ஏன் தோற்றார்கள்? இடைத்தேர்தலில் மக்கள் முன் இருந்த கேள்வி வேறு. ஆட்சி எடியூரப்பாவிடம் இருந்தது, இவர் ஜெயித்தால் அமைச்சர் என்பது ஊருக்கே தெரியும். அமைச்சர் தொகுதி என்றால் சாலை வரும், அணை வரும், கல்லூரி வரும். சிக்கபள்ளாபூருக்கு மருத்துவக் கல்லூரி என்று, அங்கே கட்சி மாறி நின்ற சுதாகர் கேட்ட வாக்குக்கு அன்று மதிப்பு இருந்தது. வாக்காளர் அப்படிக் கணக்குப் பார்ப்பதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, அவருக்குக் கிடைக்கும் சில பேரப் பொழுதுகளில் அது ஒன்று. பொதுத்தேர்தலில் ஆட்சியே கேள்விக்குறி. அப்போது தொகுதியில் வேரோடிய ஆள் எவர், பூத்தில் உட்கார யார் வருகிறார்கள் என்பதுதான் மிஞ்சுகிறது. சுதாகரே அன்று தோற்று, மறு ஆண்டு மக்களவைத் தேர்தலில் எம்.பி.யானார்.

பெங்களூரில் ஏன் வேறு மாதிரி

தலைநகரின் நான்கு கட்சி மாறிகள் நால்வருமே 2023-ல் வென்றார்கள்: யஷ்வந்த்பூரின் எஸ்.டி.சோமசேகர், கே.ஆர்.புரத்தின் பைரதி பசவராஜ், மகாலட்சுமி லேஅவுட்டின் கோபாலய்யா, ராஜராஜேஸ்வரி நகரின் முனிரத்னா. இதை வைத்து உள்வாங்குதல் சில இடங்களில் நன்றாகவே நடக்கும் என்று சொல்லலாம், நடக்கவும் செய்தது. கே.ஆர்.புரத்தில் பசவராஜிடம் தோற்றிருந்த பாஜகவின் நந்தீஷ் ரெட்டி கட்சியிலேயே இருந்தார். ராஜராஜேஸ்வரி நகரில் முனிரத்னாவின் 2018 வெற்றியை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போன துளசி முனிராஜு கவுடாவும் கட்சியை விட்டுப் போகவில்லை. நகரத்தில் வாக்காளர் பெரும்பகுதி கட்சியைப் பார்த்து வாக்களிக்கிறார், தோற்ற வேட்பாளர் வெளியே போனாலும் அவர் பின்னால் போக ஒரு கிராமம் திரண்டு நிற்பதில்லை. அதனால் அவரும் போவதில்லை. கோகாக்கில் ஜார்கிஹோளி குடும்பத்தின் செல்வாக்கு எந்தச் சின்னத்தையும் மீறியது; 2019-ல் அங்கே அண்ணன் ரமேஷ் பாஜகவிலும் தம்பி லக்கன் காங்கிரசிலும் நின்றார்கள்.

கே.ஆர்.பேட்டையும் சிக்கபள்ளாபூரும் மூன்றாவது வகை. அங்கே பாஜகவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஆளே இல்லை, ஆகவே மனவருத்தமும் இல்லை. வந்தவர் தன் அணியோடு வந்தார், அது கட்சியாக மாறவில்லை, அடுத்த தேர்தலில் அவர் தோற்றதும் கட்சியும் சேர்ந்து வடிந்தது. புதிய நிலத்தில் காலூன்ற ஆள் பிடிப்பது குறுக்குவழி என்று நினைப்பவர்கள், கே.ஆர்.பேட்டையில் கட்சி மாறி நின்ற நாராயணகவுடாவின் வெற்றியையும் தோல்வியையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவரை 2023-ல் வீழ்த்தியது அவர் விட்டுவந்த ஜனதா தளம்தான்.

இந்த வேறுபாடுகளை 2019 ஜூலையில் யாராவது உட்கார்ந்து தொகுதிவாரியாகப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தோற்ற வேட்பாளர் எத்தனை வாக்கில் தோற்றார் என்பதே பெரிய அடையாளம். 213-லும் 555-லும் தோற்றவர் தன்னைத் தோற்றவராகவே நினைப்பதில்லை, அடுத்த முறை நிச்சயம் என்று மறுநாளே வேலையைத் தொடங்கிவிடுகிறார். அவரிடம் முதலில் பேசாமல், அவருக்கு எதிராளியாக இருந்தவரை டெல்லியிலோ பெங்களூரிலோ மாலை போட்டு வரவேற்றால் அவர் எங்கே போவார் என்பதில் சந்தேகம் இல்லை. பேசியிருந்தாலும் எல்லோரும் நின்றிருப்பார்கள் என்று சொல்லவரவில்லை. ஆனால் ஆட்சி வேண்டும் என்ற அவசரத்தில் 17 பேரையும் ஒரே மூட்டையாக எடுத்துக்கொண்டதால், எங்கே சேர்க்கலாம், எங்கே சேர்க்கக் கூடாது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கட்சிக்கு இல்லாமல் போயிற்று. மும்பையில் ஒன்றாகத் தங்கியவர்கள் ஒன்றாகவே பேரம் பேசினார்கள். ஒருவரைக் கைவிட்டால் மற்றவர்கள் கேட்டார்கள். குமட்டள்ளிக்காக ஜார்கிஹோளி நின்றது அதனால்தான்.

ஹெப்பாரும் சோமசேகரும்

2023-ல் வென்ற ஆறு பேரோடு கதை முடியவில்லை. பாஜக எதிர்க்கட்சியாகிவிட்டது, மாநிலத்தில் ஆட்சி மறுபடி காங்கிரசிடம். 2024 பிப்ரவரி மாநிலங்களவைத் தேர்தலில் எஸ்.டி.சோமசேகர் காங்கிரஸ் வேட்பாளருக்கு வாக்களித்தார். சிவராம் ஹெப்பார் வாக்களிக்கவே வரவில்லை. இருவரும் முதல்வர் சித்தராமையா, துணை முதல்வர் சிவகுமார் ஆகியோரோடு வெளிப்படையாகவே நெருக்கம் காட்டினார்கள். 2025 மே மாதம் 27-ல் பாஜக இருவரையும் ஆறு ஆண்டுகளுக்கு நீக்கியது. ரமேஷ் ஜார்கிஹோளி கட்சிக்குள்ளேயே இருந்தபடி மாநிலத் தலைவர் விஜயேந்திராவுக்கு எதிராகப் பேசிவருகிறார். எடியூரப்பாவின் மகனான இந்த விஜயேந்திராதான் 2019-ல் கே.ஆர்.பேட்டையில் நாராயணகவுடாவுக்காக இரவுபகலாகப் பிரசாரம் செய்தவர்.

நீக்கப்பட்ட இருவரின் நிலையைத் தீர்மானிக்கும் சட்டம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலிருந்து வந்தது. அதிமுகவிலிருந்து நீக்கப்பட்டு மதிமுகவில் சேர்ந்த ஜி.விஸ்வநாதன் தொடர்ந்த வழக்கில், கட்சி நீக்கினாலும் பேரவைக்குள் அவர் எந்தச் சின்னத்தில் வென்றாரோ அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார் என்று 1996-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆகவே சோமசேகரும் ஹெப்பாரும் இன்னொரு கட்சியில் முறையாகச் சேர்ந்தால் பதவி போகும். சேராமல் இருந்தால், தங்களை வெளியே அனுப்பிய கட்சியின் கணக்கிலேயே பேரவையில் இருக்க வேண்டும். யஷ்வந்த்பூரிலும் எல்லாப்பூரிலும் 2018-ல் ஒரு கட்சிக்கு வாக்களித்து, 2019-ல் அதே ஆளுக்காக இன்னொரு கட்சிக்கு வாக்களித்த மக்கள், இப்போது எந்தக் கட்சியும் உரிமை கொண்டாடாத எம்.எல்.ஏ.விடம் சாலைக்கும் குடிநீருக்கும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாப்பூரில் வி.எஸ்.பாட்டீலும் காங்கிரசில்தான் இருந்தார், அவரைத் தோற்கடித்த ஹெப்பார் இப்போது அந்தக் கட்சியின் வாசலில் நிற்கிறார். 2019-ல் பாஜக எதிர்கொண்ட அதே கேள்வியை அடுத்த தேர்தலில் காங்கிரஸ் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.